பேரிங்குக்குள்ளிருந்து வந்த குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. பாலக்கரையில் நான் வேலை பழகிய பட்டறையில் கடைசல் இயந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள் என்று முதலாளியிடமே சண்டை போட்டவன் நான். அதனால் நீங்கள் சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். ஏற்கெனவே இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம்.

எண்பதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பதற்கென்று எங்கள் அலுவலகம் ஒரு ஜெட் படகு வாங்கியிருந்தது. அதற்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது, வயிற்றுக்குள் ஒரு பம்பு இருக்கும், அது ஆற்றுத் தண்ணீரைக் கீழேயிருந்து உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும், அந்த வேகத்தில் படகு பாயும். மணல்திட்டு நிறைந்த கொள்ளிடத்துக்கு அதுதான் சரி. ஸ்ரீரங்கத்துப் பக்கக் கரையில் தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தியிருந்தோம். நான் மெக்கானிக், பெயர் சேவியர். படகை ஓட்டுகிறவர் காதர் பாய், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார்.

அன்று காலை பம்பின் பேரிங்கைத் திறந்து பார்க்கிற நாள். பம்பின் தண்டு சுற்றுவது அந்தப் பேரிங்கில்தான், அதற்குள் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. மூடியைக் கழற்றினேன், பழைய கிரீஸை வழித்து விரலில் தேய்த்துப் பார்த்தேன், தண்ணீர் கலந்திருந்தால் பால்போல் வெளுத்திருக்கும், அப்படி எதுவும் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே உருளும் இரும்புக் குண்டு ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, காயவிட்டு, புது கிரீஸை நானே உள்ளங்கையால் அழுத்தி அடைத்தேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், வேலை சரியில்லை என்று பின்னால் ஒருவன் எழுதினான். என் வேலை சரியாகத்தான் இருந்தது.

அடைத்தபின் ஒரு சோதனை உண்டு. ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, மறு கையால் தண்டைச் சுற்றவேண்டும். உள்ளே மணல் ஒன்று இருந்தால்கூடக் கரகரவென்று காதுக்கு வந்துவிடும். நான் சுற்றினேன். கரகரப்பு இல்லை. ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஐயா... யாராச்சும் இருக்கீங்களா..."

திரும்பிப் பார்த்தேன், கொட்டகையில் ஒருவரும் இல்லை, காதர் பாய் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று, வெளியே சுள்ளென்று வெயில், படகோ தரையில் தள்ளுவண்டிமேல் இருக்கிறது. மறுபடி சுற்றினேன். "தண்ணி இடுப்புக்கு வந்துருச்சுய்யா, யாராச்சும் வாங்களேன்." தண்டை நிறுத்தினால் குரலும் நின்றது, சுற்றினால் வந்தது. நம்பினால் நம்புங்கள், என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"யாரும்மா? எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்குக் கெழக்க, நாணல் திட்டுலய்யா. புல்லறுக்க வந்தேன்."

"இருங்கம்மா, வரோம்" என்றேன். நான் பேசியது இவ்வளவுதான்.

பாலத்துக்குக் கிழக்கே அந்தத் திட்டு எங்கள் கொட்டகையிலிருந்து மூன்று மைலாவது இருக்கும். காதர் பாயைக் கூப்பிட்டு ஸ்குரூ டிரைவரை அவர் காதில் வைத்துத் தண்டைச் சுற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "ஒண்ணும் இல்லையே தம்பி, நல்லா வழுக்கிட்டு ஓடுதே" என்றார். எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் படகைப் பார்வையிட வருகிறாராம், அதற்குள் பெயிண்ட் பளபளவென்று இருக்கவேண்டுமாம். ஆற்றைப் பார்த்தேன், காலையில் தெரிந்த மணல் இப்போது பாதிதான் தெரிந்தது, மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"என்னய்யா, பேரிங் பேசுதா? உள்ள டிரான்சிஸ்டர் ஏதாவது வெச்சு மூடிட்டியா?" என்று ஜீப் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், சத்தம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தண்ணி ஏறுது சார், ஒருதடவை போய்ப் பாத்துட்டு வந்துடறோம்."

"ஆர்டர் இல்லாம படகு தண்ணில எறங்கக் கூடாது. நாளைக்கு அது சேறாகி நின்னா பதில் சொல்றது நானா, நீயா?" சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மீட்புப் படகு ஐயா அது! சேறாகிவிடும் என்றார்!

காதர் பாய் பீடியை மிதித்து அணைத்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலை. ஆனா நீ பொய் சொல்ற ஆள் இல்லை. மூடியை மாட்டு, போவோம்."

அங்கேதான் என் கை நின்றது. பேரிங்கை மூடி, தண்டை இன்ஜினோடு பூட்டினால்தான் படகு ஓடும். பூட்டிவிட்டால் கையால் சுற்ற முடியாது, அவள் குரலும் போய்விடும். கடைசியாக ஒருமுறை சுற்றிக் கேட்டேன். அழுகைதான் கேட்டது. மூடியைப் போட்டேன். அவசரத்திலும் தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தைக் கோணலாக வைக்கவில்லை, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சரியாக முறுக்கினேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்ததும் கூட்டின்மேல் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பார்த்தேன். துளிச் சத்தம் இல்லை. ஒரு பேரிங்கில் சத்தமில்லை என்று நான் பயந்தது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

தள்ளுவண்டியின் சங்கிலியை மெல்ல விட்டுச் சரிவில் படகை இறக்கினோம். பாலத்தின் தூண்களுக்கிடையே சுழல் இழுத்தது, காதர் பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினார். திட்டு என்று ஒன்றும் இல்லை, செம்மண் தண்ணீருக்கு மேலே நாணல் பூ மட்டும் ஆடியது. அதற்கு நடுவே ஒரு தலை. நாணலைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் நின்றாள்.

"கையைக் குடுங்கம்மா" என்று குனிந்தேன்.

அவள் கையைக் கொடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "நீங்கதானே வரோம்னு சொன்னது? ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள்.

காதர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

செல்லம்மாள் என்று பெயர், மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். கரை சேர்த்தோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மாலை போட்டார்களா? அனுமதியின்றி அரசாங்கப் படகை எடுத்ததற்கு இரண்டு பேருக்கும் மெமோ. பத்திரிகைச் செய்தியில் மட்டும் இன்ஜினியர் துரிதமாகச் செயல்பட்டார். விசாரணையில், தகவல் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள், உண்மையை எழுதிக் கொடுத்தேன். பேரிங் பராமரிப்பில் குறை இருந்ததால் எழுந்த ஓசை என்று ஒருவன் குறிப்பு எழுதினான். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அப்புறம் என்னை டாக்டரிடம் அனுப்பினார்கள். காது நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்ல, அப்படியானால் மனசுதான் சரியில்லை என்று இவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பங்குச் சாமியார் இது புனித அந்தோனியார் செய்த புதுமை, அற்புதம் என்றார், எதிர்வீட்டு ஐயங்கார் மாமா ரங்கநாதன் கிருபை என்றார். கடவுள் பேசுவதாக இருந்தால் இன்ஜினியர் காதில் பேசியிருக்கலாமே, ஆர்டராவது கிடைத்திருக்கும்!

சரி, அதோடு முடிந்திருந்தால் காற்று, தண்ணீர், இரும்பு வழியாக ஏதோ ஓசை வந்தது என்று நானே சமாதானம் ஆகியிருப்பேன். ஒரு மாதம் கழித்துச் செல்லம்மாள் புருஷனோடு கொட்டகைக்கு வந்தாள். ஒரு பை அரிசியை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "காப்பாத்துனதுக்கு மட்டும் இல்லண்ணே, அந்த மரத்தைப் பிடிக்காதேன்னு சொன்னீங்களே, அதுக்கும்தான்" என்றாள்.

"எந்த மரம்?"

"தண்ணி நெஞ்சுக்கு வந்தப்ப ஒரு பெரிய மரம் வேரோட மிதந்து வந்துச்சு. தாவிப் புடிக்கப் போனேன். அதைப் புடிக்காதே தாயி, அது கரைக்குப் போகாது, கவுந்துரும்னு கத்துனீங்க. சொன்ன மாதிரியே கொஞ்ச தூரம் போயிக் கவுந்துருச்சு. அதுக்கப்புறமும் விடாம பேசிக்கிட்டே இருந்தீங்களே, கண்ணை மூடாதே தாயி, கண்ணை மூடாதேன்னு."

"நான் பேசலைம்மா. நான் அப்ப மூடியை முறுக்கிட்டிருந்தேன்" என்று இருமலுக்கு நடுவே சொன்னேன்.

"உங்க கொரல் எனக்குத் தெரியாதாண்ணே? நடுநடுவுல இருமுனீங்களே, இப்ப இருமுறீங்களே, அதே இருமல்" என்று சொல்லி அவள் சிரித்தாள். புருஷனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நான் யாரையும் தாயி என்று கூப்பிட்டதே இல்லை, என் வாய்க்கு அந்த வார்த்தை வராது. அன்றைக்கு அவள் பிழைத்தாளே, நல்லதுதானே, விடு என்கிறாள் என் மனைவி. நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் என் குரலை எடுத்துக்கொண்டு, என் இருமல் உட்பட, ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளோடு பேசிக்கொண்டிருந்தது யார்? அவளிடம் அது வேறு என்னென்ன சொன்னது என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் செல்லம்மாள் உயிரோடு இல்லை.