சித்தியின் பொட்டலம்

பம்பாயில் எங்கள் மாட்டுங்கா வீட்டில் இருந்தது ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அதற்குள் ஒரு பெண் மாதத்தில் மூன்று நாள் ‘தூரமாக’ இருக்க வேண்டும் என்றால் எங்கே போவாள்? பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுக்கொள்வாள். அங்கிருந்து கையை நீட்டினால் சமையலறைச் சுவரைத் தொட்டுவிடலாம். தொடக் கூடாது என்பதுதான் தூரம். எதிர்க் கட்டிடத்துக்காரர்களுக்கு, பால்கனி ஓரம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். யாருக்கும் தெரியக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்ட விஷயத்தை நாங்கள் தெருவைப் பார்த்து உட்கார வைத்திருந்தோம்.

பதின்மூன்று வயதில் அந்தப் பாய்க்கு நானும் வந்து சேர்ந்தேன். அறுபதுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம், மழை தொடங்கிய சமயம். அம்மா, அப்பாவின் பழைய வேஷ்டி ஒன்றைக் கிழித்து மடித்து, என் இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டி, முன்னும் பின்னும் ஊக்கு குத்திவிட்டாள். எதையும் விளக்கவில்லை. “இனிமே ஓடறது குதிக்கறதெல்லாம் கிடையாது” என்றாள். என் படிப்பு அதோடு முடிந்தது. இது எதற்காக வருகிறது, இதற்கும் பிள்ளை பெறுவதற்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் வீட்டிலும் வரவில்லை, பள்ளிக்கூடத்திலும் வரவில்லை. அங்கே உயிரியல் தவளையோடு நின்றுவிட்டது.

இப்போது நான் ஒரு மில்லின் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஒரு துணி எவ்வளவு ஈரம் குடிக்கும், எத்தனை நேரத்தில் காயும், உரசினால் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்வது வேலை. அந்த வேஷ்டித் துணி இன்று என் மேஜைக்கு வந்தால் குறைகளை வரிசையாகச் சொல்லிவிடுவேன். நகரும். நகர்ந்த இடத்தில் மடிப்பு தடிக்கும். துவைக்கத் துவைக்க விறைக்கும். ஆனால் பெரிய குறை துணியுடையது அல்ல. அதை வெளியில் உலர்த்தக் கூடாது. “ஆம்பளைகள் கண்ல படப்படாது” என்று அம்மா அதைக் குளியலறைக் கொடியில், தன் உள்பாவாடைக்கு அடியில் போடுவாள். பம்பாய் ஜூலையில் வெளியே போட்டதே காயாது. பாவாடைக்கு அடியில் போட்டது எப்படிக் காயும்? ஈரத்தோடு கட்டிக்கொண்டேன். தொடை இரண்டும் உரசிப் புண்ணாயிற்று. நான்காம் நாள் தலைக்கு முழுகிவிட்டு வெள்ளை யூனிஃபாரத்தோடு பள்ளிக்கூடம் போனால், எழுந்திருக்கும்போதெல்லாம் கறை பட்டிருக்கிறதா என்று பின் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்க வேண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடித்தது சித்திதான். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. செம்பூரில் குடித்தனம், கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி தம்ளரைக் கீழே வைப்பதற்குள், “உன் தங்கைக்கு விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்டுவிடுவார்கள். அம்மா உதட்டைப் பிதுக்குவாள். சித்தியே இருந்துவிட்டால் அவளே பதில் சொல்லுவாள். “உண்டு மாமி. டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் வந்திருக்கு.” நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சித்தியும் சிரிப்பாள். அம்மா மட்டும் சமையலறைக்குள் போய்விடுவாள். அம்மா சித்திக்காக வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிட்டாள் என்பதை அப்போது நான் அவளுக்கு ஜீரணக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி உள்ளே வந்ததும் என் நடையைப் பார்த்தாள்.

“என்னடி, வாத்து மாதிரி நடக்கறே? ரெண்டு காலுக்கும் சண்டையா?”

நான் அழுதுவிட்டேன். என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“அக்கா, குழந்தைக்கு ஈரத்துணியைக் கட்டி விட்டிருக்கியே, நன்னாயிருக்கா?”

“நாம கட்டிக்கலையா? நமக்கென்ன ஆயிடுத்து?”

“நமக்கும் புண்ணாத்தான் ஆச்சு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை, அவ்வளவுதான். இப்போ நான் கடையில வாங்கறதையே இவளுக்கும் வாங்கலாம்.”

“கடையில வாங்கறதை எங்கே கொண்டுபோய்ப் போடறது? குப்பைக்காரன் பாத்தா?”

“கட்டிடம் பூரா குப்பையை அள்ளறவன் அவன். நம்மாத்துது மட்டும் மல்லிப்பூன்னு நெனச்சிண்டிருக்கானா?”

அப்பா ஈஸிசேரில் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அம்மா, “எனக்கு ஒண்ணும் தெரியாது, நீயாச்சு உன் பொண்ணாச்சு” என்றாள். எங்கள் வீட்டில் சம்மதத்துக்கு அதுதான் வாசகம்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் கெமிஸ்ட் கடையில் குஜராத்திக்காரர் ஒருவர் நின்றிருந்தார். சித்தி கணீரென்று தேங்காயெண்ணெய் கேட்டாள், பல்பொடி கேட்டாள், தலைவலி மாத்திரை கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘அப்புறம் அது’ என்பதை இந்தியில், “அவுர் வோ” என்றாள். அந்த ‘வோ’ போதும். கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் மேல் தட்டிலிருந்து இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சித்தி என் பக்கம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி, “உனக்குத் தடியா வேணுமா, மெலிசா வேணுமாடி? தடியா இருந்தா மெத்துனு இருக்கும், ஆனா பாவாடை மேல தெரியும்” என்றாள். நாங்கள் நிற்பது தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா என்பதை அவள் மறந்துவிட்டாள். எங்களுக்குப் பின்னால் அரிஷ்டம் வாங்க வந்திருந்த பாலக்காட்டு மாமா ஒருவர் சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அவர் தடிதான் நல்லதுன்னு சொல்லியிருப்பார்டி, வாய் வரைக்கும் வந்துடுத்து.”

முதல் நாளுக்குத் தடி, அப்புறம் மெலிசு என்று முடிவாயிற்று. எலாஸ்டிக் பெல்ட் ஒன்று, அதன் கொக்கிகளில் மாட்டப் பஞ்சுப் பட்டையின் இரண்டு முனைகளிலும் வளையம். ஊக்கு கிடையாது, ஈரம் கிடையாது. அதிலிருந்து மாதா மாதம் சித்தி தனக்கு வாங்கும்போதே எனக்கும் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக் கொண்டுவருவாள். அதற்கு வீட்டில் ‘சித்தியின் பொட்டலம்’ என்று பெயர். ஒருமுறை அப்பா அதை நேந்திரங்காய் வறுவல் என்று நினைத்து ஆசையாக நூலை அவிழ்க்கப் போக, அம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாமி கதவைத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு நிஜமாகவே வறுவல் வந்தாலும் அப்பா நாங்கள் பிரித்துக் கொடுக்கும்வரை தொடமாட்டார். அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தாள். புண் ஆறியது. அந்த நாட்களிலும் நான் பள்ளிக்கூடம் போனேன். வீடு திரும்பியதும் பாய் இருந்தது. ஆனால் பகலில் நான் எல்லோரையும் போல நடந்தேன்.

மழை முடிந்த சமயம், ஒரு ஞாயிறு. சித்தி பெரிய துணிப்பை ஒன்றோடு வந்தாள். உள்ளே வரிசையாகப் பாக்கெட்டுகள், பிரிக்காதவை. அவளுடைய பெல்ட்டும் இருந்தது.

“எல்லாம் நீயே வெச்சுக்கோ. எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.”

“ஏன் சித்தி?”

“வேண்டாம்னா வேண்டாம்.” சொல்லும்போதே அவள் முகம் நிற்காமல் சிரித்தது. அம்மா அன்று அவளை ஒரு பாத்திரத்தையும் தூக்க விடவில்லை. பாயசம் வைத்தாள். மத்தியானம், எதிர்வீட்டு மாமியிடம் அம்மா மாடிப்படியில் நின்று ரகசியமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “எட்டு வருஷத்துக்கப்புறம் என் தங்கை முழுகாம இருக்கா.”

எனக்கு முழுகுவது என்றால் தலைக்குக் குளிப்பது. பம்பாயில் வளர்ந்த எனக்குத் தமிழ் அவ்வளவுதான். செம்பூரில் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று சித்தப்பா அடிக்கடி அலுத்துக்கொள்வார். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். நேராகச் சித்தியிடம் போய், “சித்தி, செம்பூர்ல தண்ணி வரலைன்னா இங்கேயே முழுகேன். காலம்பரயே ரெண்டு பக்கெட் பிடிச்சு வெச்சிருக்கேன்” என்றேன்.

சித்தி சிரித்ததில் பாயசத் தம்ளர் சாய்ந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பத்திரிகைக்குப் பின்னால் குலுங்கினார். “வேண்டாம்டி கண்ணு. நான் முழுகாம இருந்தாத்தான் எல்லாருக்கும் சந்தோஷம்” என்றாள் சித்தி. அப்போதும் ஒருவரும் எனக்கு அர்த்தம் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அது வீட்டு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. சித்தி படியேறும்போதே நான், “செம்பூர்ல தண்ணி வந்துடுத்தா?” என்று கத்துவேன். “வரலை, வரலை!” என்று அவள் கீழேயிருந்து பதில் கொடுப்பாள்.

தீபாவளி லீவில் ஒரு நாள் காலை, அப்பா ஆபீசுக்கும் அம்மா மார்க்கெட்டுக்கும் போயிருந்தார்கள். கதவு தட்டப்பட்டது. சித்தி நின்றிருந்தாள். வேலை நாள், அவள் வரும் நாளே அல்ல. புடவை கசங்கியிருந்தது. கூந்தல் நுனியில் ஈரம் சொட்டியது. எப்போதும் நேராகச் சமையலறைக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்ப்பவள், அன்று பால்கனிக் கதவோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா எங்கேடி?”

“மார்க்கெட்டுக்கு. இப்போ வந்துடுவா.”

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைத் திருப்பாமலே, “நான் கொடுத்தேனே, அந்தப் பாக்கெட் ஏதாவது மிச்சம் இருக்கா?” என்றாள்.

இருந்தது. எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. ஏனென்றால் அவற்றைப் பற்றி என்னிடம் அபிப்பிராயங்கள் சேர்ந்திருந்தன, கேட்பதற்கு ஆள் இல்லாமல். ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெலிசு, நடந்தால் சுருண்டுவிடுகிறது. தடியில் ஓரத்து வலைத்துணி குத்துகிறது, ஆனால் திருப்பி மாட்டினால் குத்துவதில்லை. வளையத்தை முடிச்சுப் போட்டுச் சின்னதாக்கினால் நழுவாது. “உனக்குத் தடிதான் சரிப்படும் சித்தி” என்று முடித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். நடுவில் எங்கேயும் என்னை நிறுத்தவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. அதனால், எப்போதும் அவளைச் சிரிக்கவைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“தலை ஈரமா இருக்கே. செம்பூர்ல தண்ணி வந்துடுத்தா?”

சித்தி என்னைப் பார்த்தாள். 

“வந்துடுத்துடி” என்றாள்.

நான் ஒரு பாக்கெட்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினேன். அவள் சுற்றுவதைவிட நேர்த்தியாக, மூலை தெரியாமல் மடித்து, நூல் கட்டிக் கொடுத்தேன். பஸ்ஸில் யார் பார்த்தாலும் புத்தகம் என்றுதான் நினைப்பார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆபீசுக்கு நேரமாகிறது, என்னிடம் சொல்லிக்கொள்ளத் தயங்குகிறாள் என்று எனக்குத் தோன்றியது. “நாழியாச்சுன்னா கிளம்பு சித்தி, அம்மாகிட்டே நான் சொல்லிக்கறேன்” என்றேன். பெரிய மனுஷியாகப் பேசிவிட்ட பெருமை எனக்கு. அவள் எழுந்து என் கன்னத்தைத் தொட்டாள். தொடக் கூடாது என்று பாதியில் ஞாபகம் வந்தது போலக் கையை எடுத்துக்கொண்டாள். படியிறங்கிப் போனாள்.

முந்தின நாள்தான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவிட்டிருந்தார்கள் என்பதும், கர்ப்பம் கலைந்துவிட்டது என்பதும், சித்தப்பா ஆபீசுக்குப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியே வந்தாள் என்பதும் பிறகு பெரியவர்கள் பேசிக்கொண்டதில் துண்டு துண்டாகத் தெரிந்தவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருஷங்கள் வேண்டியிருந்தன. செம்பூரிலிருந்து எங்கள் வீடு வரும் வழியில் எத்தனையோ கெமிஸ்ட் கடைகள் உண்டு. ஒரு பாக்கெட்டுக்காக யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். சித்திக்கு அதன் பிறகு குழந்தை உண்டாகவில்லை. வருகிறவர்கள் விசேஷம் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

அன்று சித்தி போன சிறிது நேரத்தில் அம்மா காய்கறிப் பையோடு வந்தாள்.

“சித்தி வந்திருந்தாம்மா.”

“இன்னிக்கா? என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை. ஒரு பாக்கெட் கேட்டா. கொடுத்து அனுப்பிட்டேன்.”

அம்மா பையை வைக்கவில்லை, அது கையிலிருந்து நழுவியது. செருப்பைக்கூட மாட்டாமல் படிகளில் ஓடினாள். ஓடக் கூடாது என்று எனக்குச் சொன்னவள் பஸ் ஸ்டாப் வரைக்கும் தெருவில் ஓடியதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பிறகு தனியாகத் திரும்பி வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாளே என்றுதான் அம்மாவுக்கு வருத்தம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “பரவாயில்லைம்மா, இன்னும் இருக்கு. எனக்குப் போதும்” என்று சமாதானம் சொன்னேன்.