அடிவாரத்தில் நின்ற லாரி

கொரோனா ஊரடங்கில், தாலுகா ஆபீஸ் ஊழியனாக நிவாரண அரிசியோடு பச்சைமலைக்குப் போனேன். அடிவாரத்தில் லாரியை நிறுத்தி, மக்களை இறங்கி வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தோம். ஊராட்சித் தலைவர் மட்டும் டிராக்டரில் வந்தார். ஒல்லியான மனிதர். வாய் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் தோள்துண்டை மூக்குக்கு மேல் இழுத்துக்கொள்வார்.

"சனத்தைக் கீழ அனுப்ப மாட்டேங்க. மூட்டைய இறக்கி வச்சிட்டுப் போங்க, நான் ஏத்திக்கிறேன்."

"ஆளைப் பார்த்துதான் கொடுக்கணும், உத்தரவு அப்படி" என்றேன் எரிச்சலாக.

"சரிங்க. இன்னைக்கு எத்தனை ஊர் போயிட்டு வரீங்க?"

"ஆறு."

அவர் துண்டை இறுக்கிக்கொண்டார். நான் மூட்டைகளை இறக்கச் சொன்னேன்.

"நேரமாச்சு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றேன் அவரிடம்.

"உங்ககூடப் பேசிட்டேனே. ரெண்டு வாரம் ஸ்கூல்லதான் படுக்கணும்."

அரிசியை மட்டுமே கொண்டுவந்திருக்கிறோம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.