ஜோடி வரும்

பேருந்துப் பணிமனையின் டயர் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவரை எல்லோரும் டயர்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஆறடி உயரம். பெரிய பேருந்து டயரை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர் தினமும் காலையில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் கால் நுழைப்பார். தட்டும்போது முகம் வெளிறிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடம் நடந்த சம்பவம் அதற்குக் காரணம். சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பழைய டயர் அடுக்கில் மேலே கிடந்ததை அவர் இழுக்க, உள்ளே சுருண்டிருந்த நல்ல பாம்பு தரையில் விழுந்து படமெடுத்து நின்றது. சுற்றி ஏழெட்டுப் பேர்.

“அடிப்பா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?” என்று ஃபோர்மன் கத்தினார்.

டயர்க்காரருக்குக் கை எழவில்லை. அவர் மனைவிக்கு நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இருக்கும்போது புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர். ஆனால் டயர் கழற்றும் இரும்புக் கம்பி அவர் கையில்தான் இருந்தது. மூன்று அடி அடித்தார். அடங்குகிற வரை பாம்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அப்படித்தான் பட்டது.

லேத் மெஷினில் வேலை பார்த்தவர் அவருடைய கூட்டாளி. எதையும் கேலியாகப் பேசும் ஆள். செத்துக் கிடந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கண்ணப் பாத்துட்டியா? போச்சு போ. உன் மூஞ்சி அதுல பதிஞ்சிருக்கும். ஜோடி வந்து அதப் பாத்துட்டு உன்னத் தேடிக்கிட்டு வரும். பன்னெண்டு வருஷமானாலும் விடாதாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். டயர்க்காரரும் சிரித்தார். அன்று சாப்பாட்டு டப்பாவை மட்டும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மகள் பிறந்தாள். அதற்கடுத்த இரண்டு நாளில் குழந்தையின் கையிலும் காலிலும் தோல் மெல்லிசாக உரிய ஆரம்பித்தது. “எல்லாக் குழந்தைக்கும் உரியும், ரெண்டு வாரத்துல சரியாயிடும்” என்றாள் நர்ஸ். டயர்க்காரர் காதில் ஏறவில்லை. உரிந்த தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நின்றிருந்தார்.

அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு எல்லாம் அந்த ஜோடியை வைத்துத்தான் நடந்தது. வீட்டுக்குள் யாரும் சீட்டியடிக்கக் கூடாது. பாம்பின் பேரைச் சொல்லக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பூச்சி அண்டாது என்று வாசலைச் சுற்றிச் சிறியாநங்கைச் செடி வைத்தார். மனைவி ஆசையாய் வளர்த்த மல்லிகைக் கொடியை, வாசனைக்குப் பூச்சி வரும் என்று வேரோடு பிடுங்கினார். அப்போது அது மொட்டு விட்டிருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை; ஒரு மாதம் பேசவில்லை.

மூன்று வீடு மாறினார்கள். இரண்டாவது வீட்டில், குளியலறைக்குப் பின்னால், முழு நீளத்துக்குப் பாம்பு சட்டை உரித்துப் போட்டிருந்தது. மறுநாளே சாமான் ஏற்றினார். மூன்றாவது வீட்டில், சில மத்தியானங்களில் எங்கிருந்தோ உருளைக்கிழங்கு வேகும் வாசனை வரும். பாம்பு கொட்டாவி விட்டால் அப்படி வாசனை வரும் என்பார்கள். அடுப்படிக்கு ஓடிப் பார்ப்பார். அடுப்பு அணைந்திருக்கும்.

பன்னிரண்டு வருடம் முடிந்ததும், “இனிமேலாவது நிம்மதியாத் தூங்குங்களேன்” என்றாள் மனைவி.

“அதுக்கு என்ன காலண்டரா தெரியும்?” என்றார்.

ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு சால்வை போர்த்தி, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். டயர்க்காரர் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது லேத்துக்காரர் வந்து டயர் மேல் உட்கார்ந்தார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அடிக்கறதுன்னா அடிச்சுக்க.”

“என்ன?”

“அந்த ஜோடி வராது. நீ அடிச்ச அன்னிக்குச் சாயங்காலமே இரும்புக் கழிவு கொட்டப் போன எடத்துல அது கெடந்துச்சு. பின்னாலேருந்து ஒரே போடு. அங்கயே பொதைச்சிட்டேன்.”

டயர்க்காரர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“ரெண்டு நாள் உன்னை ஓட்டிட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கைக்குட்டையை வச்சுக்கிட்டு நின்ன பாரு, வாசலோட திரும்பிட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். நீ வீடு மாத்தினதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட சொல்றது?”

டயர்க்காரர் கோபப்படவில்லை. நிம்மதியடைந்த மாதிரியும் தெரியவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப இருபத்தாறு வருஷமா எங்கூட இருந்தது எது?”

“ஊர்ல பாம்புக்கா பஞ்சம்? எதோ ஒண்ணு சட்டை உரிச்சிருக்கும்.”

“நான் அதக் கேக்கல.”

லேத்துக்காரர் டயரை விட்டு எழுந்தார். இருவரும் பணிமனைக்குப் பின்புறம் போனார்கள். இரும்புக் கழிவு கொட்டிய இடத்தில் இப்போது பேருந்து கழுவும் மேடை இருந்தது. சிமெண்டுத் தரை. ஒரு பேருந்தின் அடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஓடி வந்து அவர்கள் காலைச் சுற்றிப் போனது.

“இங்கதானா?”

“இங்கதான். இல்ல, அந்தத் தூண் பக்கமோ என்னவோ.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, “மொட்டு விட்டிருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில், ஐந்தாவது மாடியில் குடியிருந்தாள். பூச்சி ஏறாத உயரம் என்று அப்பா பார்த்துப் பிடித்துக்கொடுத்த வீடு. அவளுக்காவது இந்தச் செய்தி பாரத்தை இறக்கும் என்று டயர்க்காரர் நம்பினார். சொல்லி முடித்தபோது அவள் முகம் வாடிப்போனது.

“அப்படிச் சொல்லாதீங்கப்பா.”

“ஏம்மா?”

“நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவீங்க. ஸ்கூல் விட்டு வந்து நான் தனியாத்தானே இருப்பேன். பயமா இருக்கும். ஆனா உள்ள அது இருக்குன்னு தோணும். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது உனக்குப் பதில் சொல்லுமா?”

“சொல்லாது. கேட்டுக்கிட்டிருக்கும். நீங்க வர்ற சத்தம் கேட்டா போயிடும்.”

“எங்க?”

மகள் யோசித்தாள். “உங்க கட்டிலுக்கு அடியிலதான்.”

அடுப்படியில் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது. டயர்க்காரர் நாற்காலியை மகளுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தான் ஒருநாளும் முழுசாய்ப் பார்க்காததைப் பற்றி, அதன் நிறம் என்ன, தலையை எப்படி வைத்துக்கொள்ளும், மழை பெய்தால் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அவளும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்தரை மணிப் பேருந்தை அன்று அவள் விட்டுவிட்டாள்.