ரமணி அக்காவின் துணிப் பொம்மை

நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தப் படத்தை வரைந்தது என் கை. பார்த்தது என் கண். அதுவும் பட்டப்பகலில்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் என் ஓவிய அறை இருக்கிறது. போன நவம்பரில் காப்பார் ஊரிலிருந்து ரமணி அக்காவும் அவர் கணவர் ராஜனும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஐந்து வயது மகள் வாணியின் பதினாறாம் நாள் காரியம் அப்போதுதான் முடிந்திருந்தது. அக்கா பையிலிருந்து ஒரு துணிப் பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாப்பா போட்டோ இருக்கா அக்கா? அதைப் பார்த்து வரையறேன்."

"வேணாம் லா கிறிஸ்டின். அவ முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. பொம்மைய மட்டும் வரைஞ்சு குடு."

எனக்குப் புரிந்தது. படத்தில் பொம்மை தனியாக உட்கார்ந்திருந்தால், பார்ப்பவர் கண் அதன் பிள்ளையைத்தான் தேடும்.

மறுநாள் பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தேன். கைகள் இரண்டும் மடியில். அப்படியே வரைந்தேன். 3:10க்குத் தூரிகை கழுவப் பின்பக்கம் போனேன். வெளியே மழை.

க்றீச்...

நாற்காலிச் சத்தம். திரும்பி வந்தேன். மணி 3:14.

பொம்மையின் கைகள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. தொய்ந்துபோன பஞ்சுக் கைகள்... எப்படி நிற்கும்? இறக்கி மடியில் வைத்தேன்.

படத்தைப் பார்த்தேன்.

படத்திலும் கைகள் மேலே. ஈரம் காயாத வண்ணம். என் தூரிகைப் பூச்சு.

துடைத்தேன். மறுபடி மடியில் வரைந்தேன்.

3:40. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன்.

மறுபடியும் மேலே...

ஓடியிருக்க வேண்டும். முடியவில்லை. நானும் பிள்ளை பெற்றவள். அந்தக் கைகள் கேட்பது எனக்குத் தெரியாதா?

தூக்கினேன்.

கனத்தது.

தோளில் சாய்த்தேன். கழுத்தில் சூடாக மூச்சு...

4:05. கனம் போய்விட்டது. வெறும் துணி.

படத்தை நான் திருத்தவில்லை. சனிக்கிழமை வந்த ரமணி அக்கா அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே மோட்டாரருகே ராஜன் அண்ணன்தான் சொன்னார்.

"ஐசியூல பதினோரு நாள். குழாயப் பிடுங்கிடுவாளோன்னு ரெண்டு கையையும் கட்டில்ல கட்டியிருந்தாங்க. வாயில குழாய்... பேச முடியல. கண்ணாலயே அம்மாவத் தூக்கச் சொல்லிக் கேட்டா. அந்தக் கட்டை அவுக்கறப்போ பாப்பா இல்லம்மா."