சைவ வீட்டில் இரண்டரை அடிக் கடல்

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. யாராவது கேக் கொண்டுவந்தால், அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுவாள். அப்படிப்பட்ட வீட்டின் முன்னறையில் கடல்மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏட்டி, வாடை வருமா?"

வராது என்றேன். அப்போது எனக்கே தெரியாது.

வண்ணார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. அப்பா போன பிறகு பாளையங்கோட்டை வீட்டில் நானும் அம்மாவும்தான். அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை விஷயமாக ஒரு தடவை சென்னைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அந்தக் கட்டடத்தின் வரவேற்பறையில் ஒரு தொட்டி இருந்தது. கல்லின் மேல் ஊதாவும் பச்சையுமாக விரல் நுனி அளவுப் பூக்கள் விரிந்திருந்தன. அவை பூக்கள் இல்லை, உயிருள்ள பவளம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். மதியச் சாப்பாட்டு இடைவேளை முழுவதையும் அங்கேயே கழித்தேன். ஊருக்குத் திரும்பியபின் ஒரு வருடம் அதைப் பற்றியே படித்தேன், பார்த்தேன். பிறகுதான் அம்மாவிடம் வாயைத் திறந்தேன்.

தொட்டி இரண்டரை அடி நீளம். கீழே இரும்புத் தாங்கி. தண்ணீர் நிரப்புவதில்தான் முதல் சச்சரவு வந்தது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, வடிகட்டும் எந்திரத்தில் விட்டு எல்லாவற்றையும் நீக்கிய பிறகுதான் உப்புக் கலக்க வேண்டும். நான் குடம் குடமாக வடிகட்டுவதை அம்மா வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"தாமிரபரணித் தண்ணியவா சுத்தம் பண்ணுத?" என்றாள். அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதன் பிறகு நான் ஒரு பெரிய வாளியில் உப்புத்தூளைக் கொட்டிக் கலக்கியதைப் பார்த்ததும், நல்ல தண்ணீரை இப்படியும் கெடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு அது வேறு விதமாகச் சிரிப்பாக இருந்தது. அவள் திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரைக் கிராமத்துக்காரி. அவள் கணவருக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஆறு வருடமாகியிருந்தது. மதில் வழியாக எட்டிப் பார்த்து, "உப்புத் தண்ணிய வீட்டுல உக்காந்து காச்சுதியளா? தம்பிகிட்டச் சொன்னா ரெண்டு கேன் கடத் தண்ணி கொண்டாந்து போட்டுருவான்" என்றாள். கரையோரத் தண்ணீரில் என்னென்னவோ கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது என்று நான் விளக்கினேன். கடல் தண்ணீர் கடல்மீனுக்கு ஆகாதா என்று கேட்டு அவள் சிரித்தாள்.

நம் கடலிலிருந்து பவளக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், சுட்டுச் செய்த செயற்கைக் கற்களைத்தான் அடுக்கினேன். அதன் பிறகு ஐந்து வாரம் தொட்டியில் எதுவும் கிடையாது. கல்லிலும் மணலிலும் நல்ல கிருமிகள் வளர வேண்டும். மீனின் கழிவை அவைதான் தின்று தீர்க்கும். அவற்றுக்கு இரையாக ஒரு சிட்டிகை மீன்தீனியைப் போட்டு அழுகவிட்டேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பேன். பகலெல்லாம் மனிதர்களின் ரத்தத்தில் பார்ப்பதை மாலையில் தண்ணீரில் பார்த்தேன். நான்காவது வாரம் மணல்மேல் தேயிலைச் சக்கை மாதிரி ஒரு பழுப்புப் பாசி படர்ந்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கல்லையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். "இனிமேத்தான் மீனு வருமாம்" என்று அவளே எனக்காகப் பதில் சொன்னாள்.

மீன்கள் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தன. காலையில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தெர்மோகோல் பெட்டியை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காற்றடைத்த பைகளில் இரண்டு கோமாளி மீன்கள், மூன்று நத்தைகள், ஒரு சின்னக் கல்லில் ஒட்டிய பூப்பவளம். எடுத்த எடுப்பில் தொட்டியில் விடக்கூடாது. நம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்க வேண்டும். அதற்கு நான் மருந்துக்கடையில் வாங்கிய ட்ரிப்ஸ் குழாயை மாட்டியிருந்தேன்.

"மீனுக்குக் குளுக்கோஸ் ஏத்துதியோ?" என்று கேட்டபடி அம்மா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அன்றுதான் முதன்முறையாக அவள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளை வெள்ளையாக மூன்று பட்டைகள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கையில் திருநீறு போட்ட மாதிரியே இருக்கிறது என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மீன்கள் எங்கள் வீட்டு மனிதர்களாகிவிட்டன என்று நான் நம்பினேன்.

ஆனால் அவை சாப்பிடவில்லை. உருண்டைத் தீனியை வாயில் வாங்கி உடனே துப்பின. மூன்றாம் நாள் சின்ன மீனின் வயிறு ஒட்டிவிட்டது. விற்றவரிடம் கேட்டேன். உறைய வைத்த இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுங்கள் என்றார். நான் அம்மாவிடம் சொல்லாமல் இறால் வாங்கி, நகத்தளவு துண்டுகளாக்கி, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, அதை இன்னொரு டப்பாவில் வைத்து, ஃப்ரீசரின் அடியில் பச்சைப் பட்டாணிக்குப் பின்னால் ஒளித்தேன். மீன்கள் இறாலைக் கண்டதும் பாய்ந்து தின்றன. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அம்மா பட்டாணி எடுக்கப் போனாள்.

அவள் கத்தவில்லை. ஃப்ரிட்ஜைக் காலிசெய்து, இரண்டு முறை கழுவித் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். டப்பா கொல்லைப்புறப் படியில் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாயா என்றேன். சொல்லியிருக்க மாட்டேன், ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும் என்றாள். இறால் வாங்கியதைவிட ஒளித்ததுதான் அவளுக்கு வலித்தது என்று புரிந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டாள். அதுமுதல் தினமும் மாலையில் ஒரு கிண்ணத்தோடு போய் நான்கு துண்டு வாங்கி வருவேன். ஆறு வருடத்தில் மதிலுக்கு மேலாக முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கின்றன. எங்கள் வீட்டுப் பொங்கலும் சுண்டலும் அந்தப் பக்கம் போயிருக்கின்றன. அவள் வீட்டில் சமைத்தது எதுவும் இந்தப் பக்கம் வந்ததில்லை. அம்மா அவள் வீட்டு நடையைத் தாண்டியதில்லை. அதுவரை நானும் தாண்டியதில்லை. இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு நீண்ட காலம் என்று உறைக்கிறது.

சித்திரை பிறந்தது. வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடாகாமலிருக்க மேலே சின்ன மின்விசிறி வைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை, பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் வேலைக்குப் போனேன். உடன் வேலை பார்ப்பவள் அன்று விடுப்பு. பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் செய்தாள். இன்வெர்ட்டர் கூவிக் கூவி நின்றுவிட்டது, மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றாள்.

என்னால் கிளம்ப முடியாது. வெளியே பெஞ்சில் ஆள்கள் காத்திருந்தார்கள். ஒரு செம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்று, தண்ணீரில் காற்றுக் கலக்க வேண்டும் என்றேன்.

"காப்பி ஆத்துத மாதிரியா?"

"ஆமாம்மா. நிறுத்தாம ஆத்தணும். ஐஸ் பாட்டில் இருந்தா அப்படியே உள்ள மிதக்க விடு."

அவள் சரி என்று போனை வைத்தாள். நான் பிறகு இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கை ஊசியைக் குத்திக்கொண்டிருந்தாலும் மனம் வீட்டில் இருந்தது. செத்த மீன்களை அம்மா என்ன செய்வாள் என்றெல்லாம் நினைத்தேன்.

நாலரை மணிக்கு ஓடிவந்து கதவைத் திறந்தபோது தொட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அம்மா, ஒன்றில் அக்கா. அக்கா கையில் செம்பு. அம்மா தன் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை உப்புக் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீரில் மூன்று ஐஸ் பாட்டில்கள் மிதந்தன. மூன்றும் எங்கள் வீட்டுப் பாட்டில்கள் இல்லை.

நடந்ததை அக்காதான் சொன்னாள். எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த ஒரே பாட்டிலும் ஒரு மணிக்குள் கரைந்துவிட்டது. அம்மா ஈரக் கையோடு ஓடிப்போய் அவள் வீட்டு வாசலில் நிற்காமல், கூப்பிடாமல், நேரே அடுக்களைக்குள் போயிருக்கிறாள். அக்கா அப்போது சட்டியில் மீன்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாளாம்.

"எனக்குத்தான் பதறிட்டு. சட்டிய மூடவா, அம்மாக்குப் பதில் சொல்லவான்னு தெரியல. அவங்க எதையும் பாக்கல. ஐஸு இருக்காம்மான்னு மட்டும் கேட்டாவ."

ஃப்ரீசரில் வஞ்சிர மீனுக்கு நடுவிலிருந்த பாட்டில்களை அம்மா தானே இழுத்து எடுத்தாளாம். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடவே வந்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு பேரும் மாறி மாறி ஆற்றியிருக்கிறார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். "நம்மள நம்பி வந்திருக்கு. சும்மா விட முடியுமா?" என்றாள், ஏதோ குற்றம் சாட்டப்பட்டவள் மாதிரி.

ஒரு நத்தை செத்துப்போயிற்று. பூப்பவளம் நான்கு நாள் சுருங்கியே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஓரத்தில் ஒரு பூ மட்டும் விரிந்தது. மீன்கள் இரண்டும் பிழைத்தன. அந்த வாரமே நான் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் வாங்கிவிட்டேன்.

இறால் வாங்கிவந்து இன்னும் பொடியாக நறுக்கிப் போடும் வேலையை இப்போது அம்மா எடுத்துக்கொண்டாள். அதற்கென்று ஒரு கிண்ணம், ஒரு கத்தி. இரண்டும் பின்பக்கக் குழாயடியிலேயே கிடக்கும், அடுக்களைக்குள் வராது. அதில் அவள் மாறவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நான்கு துண்டு இறால் வாங்கப் போகிறவள் திரும்பிவர முக்கால் மணி நேரமாகிறது. அக்காவின் மூத்த மகளுக்கு எந்தக் கல்லூரி, தம்பிக்குப் பெண் பார்த்தது, கடலில் எந்தக் காற்று அடித்தால் படகு போகாது, எல்லாம் அவளுக்குத் தெரியும். போன மாதம் அக்கா கொடுத்த தேங்காய்ப் பால் முறுக்கை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, எனக்கும் இரண்டு முடிந்துகொண்டு வந்தாள்.

சென்ற தை மாதம் முக்கூடலில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் அத்தை, இரவு தங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மாவின் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "இல்ல மைனி, சாயங்காலம் போயி இறாலு நறுக்கணும்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்தார். அத்தை என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் விளக்குவதற்குள் அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, மீன்களின் படத்தைத் தேடத் தொடங்கியிருந்தாள்.