இது யார் வீட்டு இருமல்?

கனடாவில் நான் துப்புரவு வேலை பார்க்கும் மாணவர் விடுதிக்கு, கொரோனாக் காலத்தில் ஓர் ஆள் வருவார். வாசலில் சாக்கடை மூடியைத் திறந்து, கயிற்றில் ஒரு போத்தலைக் கட்டி உள்ளே இறக்குவார். என்னதான் செய்கிறார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டேவிட்டேன். கழிவுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். இருந்தால் விடுதி முழுவதற்கும் சோதனையாம். "யாருக்கு நோய் என்று எப்படித் தெரியும்?" என்றேன். நான் பயந்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, "யார் பெயரும் வெளியே வராது, கவலைப்படாதீர்கள்" என்றார். நான் கேட்டது அதற்கில்லை. பெயர் தெரியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எந்த வாசலில் கஞ்சி வைப்பது? என் அரைகுறை இங்கிலீஷில் அதைச் சொல்லப் பார்த்தேன். அவர் "பிரைவசி, பிரைவசி" என்று மறுபடியும் எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இலங்கையில், ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒட்டியொட்டி இருக்கும். நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் நாலாம் வீட்டில் கேட்கும். அந்தத் தீபாவளிக்கு அக்காவின் மகன் கொழும்புக் கடையிலிருந்து காய்ச்சலோடு வந்தான். சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. ஐயா, வந்து யாரும் வெளியே போகக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டினார். வாசலுக்கு அரிசி வந்தது, பருப்பு வந்தது. கூடவே 'கொரோனா வீடு' என்ற பட்டமும் வந்தது. தாளைக் கிழித்த பிறகும் பட்டம் போகவில்லை. தண்ணீர் பிடிக்க அக்கா பொதுப் பீலிக்குப் போனால் மற்றவர்கள் வாளியை நகர்த்திக்கொள்வார்களாம். எதற்கும் அழாதவள், அன்று போனில் அழுதாள்.

சில மாதம் கழித்து அக்காவுக்கே இருமல். பக்கத்து வீட்டு ஜெயந்தி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

"சொல்லவா, மறைக்கவாடி?" என்று போனில் கேட்டாள் அக்கா. யார் பெயரும் வெளியே வராத நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன புத்தி சொல்ல? வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு மேலாக ஜெயந்தியின் குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, நீங்க இருமுறது கேக்குது. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். கொத்தமல்லி அவிச்சு வாசல்ல வச்சிருக்கேன், எடுத்துக்கங்க."

அக்கா மெதுவாக என்னிடம், "அவ மெரட்டியிருந்தா மறைச்சிருப்பேன்டி. இப்ப எப்புடி மறைக்கிறது?" என்றாள். பி.எச்.ஐ.க்கு அவளே போன் போட்டாள். மறுபடியும் தாள், மறுபடியும் பீலியில் அதே கதை. ஜெயந்தி தாய்வீட்டுக்குப் போய் நல்லபடியாகப் பிள்ளை பெற்றாள். எந்த ஊர் முறை சரி என்று இன்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே கஞ்சியும் வரும், ஏச்சும் வரும். இங்கே இரண்டும் வராது.

அடுத்து வந்த குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல். என் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது, அடக்க முடியவில்லை. அக்கா எப்போதும் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். அவள் என்னவென்று கேட்பதற்குள், ஒரு குழந்தையின் சிணுங்கலோடு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயந்தி கேட்டாள்:

"அக்கா, ஒங்க தங்கச்சியா இருமுறாங்க? அங்க பக்கத்து வீட்டுல ஆளுங்க யாரும் இல்லையா?"