குனிந்தால் அழும் போட்டோக்காரர்

போட்டோ பிடிப்பது கண்ணால் செய்யும் வேலை என்று சொல்பவர், எங்கள் காலத்துக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் குனிந்ததே இல்லை. கன்னத்து எலும்பு கனக்கும் என் இனத்தாரே, உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? குனிந்தால் போதும், நெற்றிக்குள் அம்மிக்குழவி முன்பக்கம் உருளும். அறுபதுகளில், கரையான்சாவடி ஸ்டுடியோவில், நாள் முழுக்க எனக்குக் குனிவதுதான் பிழைப்பு.

வரனுக்கு ஒரு படம்

அம்பத்தூர்க்காரர் ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப மகளைப் படம் பிடிக்க அழைத்து வந்தார். துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "சிரிம்மா" என்றேன். வலியில் கண்ணீர் வழிந்த என் முகம் எப்படி இருந்ததோ, அதைப் பார்த்து அந்தப் பெண்ணின் உதடு துடித்தது, கண் நிறைந்தது. அப்படியே படத்தில் விழுந்தது. தகப்பன் படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "கல்யாணத்துக்குக் கேட்டா கருமாதிக்கு எடுத்துக் குடுத்துகீறியே, அண்ணாத்தே!"

தப்பே செய்யாத பல்

"இன்னொரு மூஞ்சி அழுதா உனக்கு வேலை இல்ல" என்றார் முதலாளி. வலி மேல்வரிசைப் பல்லிலும் இறங்கியதால் குற்றவாளி பல்தான் என்று முடிவுகட்டி, பூந்தமல்லியில் பல் பிடுங்குபவரிடம் போனேன். ஒன்றைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்தில் இருந்ததையும் பிடுங்கினார். வலி அசையவில்லை. இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் நல்லாத்தாம்பா கீது, ஓணும்னா எடுத்துனு போ."

கன்னத்துக்குள் ஓர் அறை

ஆவடி டாக்டர் என் கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். நான் நாற்காலியோடு எழுந்தேன். "கன்ன எலும்புக்குள்ள காத்து அறை இருக்கு. சளி வாசலை அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறும், குனிஞ்சா கூடும், பல்வலி மாதிரியே ஏமாத்தும்" என்றார். இதை ரெண்டு பல்லுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? மருந்து எழுதி, ஆவி பிடிக்கவும் சொன்னார். "குனியாம எப்படி சார் படம் பிடிக்கிறது?" என்றேன். "நடுரோட்டுல நின்னு கை காட்டுற வேலை கிடைக்குமான்னு பாருங்க."

திருவேற்காட்டில் கடைசி வாய்ப்பு

"இதையும் கெடுத்தா வராதே" என்று முதலாளி அனுப்பிய இடம் ஒரு கல்யாணச் சாவு. தொண்ணூறு தாண்டிய பெரியவரை மாலையோடு நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பம் சுற்றி நின்றது. கேமராவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் பல்லைக் காட்டினார்கள். பம்பாயில் இருக்கும் தம்பி இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று மூத்த மகன் பதறினார்.

குனிந்தேன், நிமிர்ந்தேன். கண்ணிலும் மூக்கிலும் ஆறு. என்னைப் பார்த்த முகங்கள் வரிசையாகச் சுண்டின. மருமகள்கள் ஓவென்று அழத் தொடங்கினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நாற்காலியில் இருந்த பெரியவர் முகமே கொஞ்சம் வாடியது. மூத்தவர் என் தோளைப் பிடித்துக் கேட்டார்: "பெத்த புள்ளைங்களே இப்டி அழுவல நைனா, நீ அவருக்கு இன்னா ஓணும்?"

தெளிந்த மூக்கு

வேலை நிலைத்தது. அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை எங்கே சாவு விழுந்தாலும் "அந்த அழுவுற ஆளை அனுப்பு" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். எழுபதுகளில் ஒருநாள் காலை, ஆவியும் மருந்தும் பலித்து மூக்கு திறந்தது. குனிந்து பார்த்தேன், வலி இல்லை! சிரித்துக்கொண்டே ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். என் முகத்தைப் பார்த்த முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்: "அய்யய்யோ, மூக்கு தெளிஞ்சிடுச்சா? அம்பத்தூர்ல ஒரு சாவு காத்துனு கீதே!"

உடம்பு தேறியதற்காகத் துக்கம் விசாரிக்கப்பட்ட ஒரே நோயாளி, எனக்குத் தெரிந்து, நான்தான்.